பங்குனியில் மரத்தை மொட்டையடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாசி பிற்பகுதியில் தொடங்கி வைகாசி முடியும்வரை வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத் தெருக்களில் மரம் கழிக்கும் வேலை ஓயாமல் நடக்கிறது. மின்கம்பியில் உரசுகிறது, கோடை இடிமழைக்கு முன்னால் கிளையை எடுத்துவிட வேண்டும், கடைப் பலகையை மறைக்கிறது, சருகு கூட்டி மாளவில்லை. காரணம் எதுவானாலும் வெட்டு ஒன்றுதான்: கிளைகளை எல்லாம் எடுத்துவிட்டுத் தண்டை மட்டும் நிறுத்துவது. வெட்டலாமா கூடாதா என்று பேசுகிறவர்கள் நிறையப் பேர். எந்த மாதத்தில் வெட்டுவது என்று பேசுகிறவர்களைக் காணோம். மரத்துக்குள் மாவுச்சத்தாகச் சேர்த்த ஒரு கையிருப்பு உண்டு. அது ஆண்டு முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. நம் வட ஆற்காட்டு மரங்களில் அது கரைந்து கிடக்கும் மாதமாகப் பார்த்துத்தான் நாம் அரிவாளைத் தூக்குகிறோம்.

இலை பகலில் செய்யும் சர்க்கரையில் ஒரு பகுதி மூச்சுக்கும் ஒரு பகுதி வளர்ச்சிக்கும் போகிறது. மிச்சம் மாவுச்சத்தாக மாறிக் கட்டைக்குள் அடைகிறது. முழுக் கட்டையிலும் அல்ல. தச்சர்கள் வைரம் என்று சொல்லும் கருத்த நடுப்பகுதி உயிரில்லாதது. அங்கே மாவு கிடையாது. நடுவில் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து விழுந்த சாலையோரப் புளியமரம் ஆண்டுதோறும் காய்ப்பது அதனால்தான். மாவு இருப்பது வெளிறில், அதாவது பட்டைக்கு அடுத்த வெளுத்த பகுதியில். அங்கே நீர் ஏறும் குழாய்களுக்கு இடையே பாரன்கைமா என்னும் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. சில, மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்களாக. சில, குழாய்களை ஒட்டிய கொத்துகளாக. பழைய வீட்டு நெற்குதிர் போல ஒரு காலத்தில் நிரம்பி இன்னொரு காலத்தில் அடி தெரியக் குறைவது இந்தச் செல்கள்தான். வேரிலும் இப்படியே, பல மரங்களில் தண்டைவிட வேரில் மாவின் அடர்த்தி அதிகம். மாமரப் பலகையும் இலவம் பலகையும் சில மாதங்களில் உளுத்துப் பொடியாகக் கொட்டுவதற்கும் இதுவே காரணம். உளுக்க வைக்கும் வண்டின் புழு தேடி வருவது கட்டைக்குள் இருக்கும் மாவை.

இருப்பு எவ்வளவு, எப்போது நிறைகிறது, எப்போது கரைகிறது என்பதெல்லாம் ஊர் வானிலையைப் பொறுத்தது. உலகின் பல பகுதி மரங்களின் கட்டைகளை ஒப்பிட்டு 2016-இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. ஊசியிலை மரங்களின் கட்டையில் உயிருள்ள பாரன்கைமா ஏறக்குறைய 8 விழுக்காடு. மிதவெப்ப நாடுகளின் அகன்ற இலை மரங்களில் 21. வெப்ப மண்டல மரங்களில் 36. சேமிக்கும் இடமே நம் பக்கத்து மரங்களுக்கு அதிகம். அதே ஆண்டில் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, செடி மரங்களின் உலர் எடையில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு இப்படிச் சர்க்கரையாகவும் மாவாகவும் இருப்பதைக் காட்டியது. ஆண்டின் மிகத் தாழ்ந்த நேரத்திலும் உச்ச அளவில் சராசரியாக 46 விழுக்காடு மிஞ்சியிருந்தது. மரம் எல்லாவற்றையும் வழித்துச் செலவழிப்பதில்லை.

குளிர்நாட்டு மரம் இலையுதிர் காலத்துக்குள் நிரப்பிக்கொள்கிறது. கடுங்குளிர் வந்ததும் அந்த மாவில் பெரும்பகுதியைச் சர்க்கரையாகக் கரைத்துக்கொள்கிறது. செல்லுக்குள் சர்க்கரை கூடினால் உறைநிலை இறங்கும், செல் கிழியாது. வசந்தத்தில் துளிர்க்கும்போது இருப்பு மளமளவென்று இறங்குகிறது. கனடாவின் கியூபெக்கிலும் அமெரிக்காவின் வெர்மான்டிலும் மேப்பிள் மரத்தில் துளையிட்டுச் சாறு வடிப்பது இந்தக் கரைந்த சர்க்கரையைத்தான். இரவில் உறைந்து பகலில் உருகும் சில வாரங்களில் மட்டும் அது வடியும். சாற்றில் சர்க்கரை 2 விழுக்காடு அளவுதான்; ஒரு லிட்டர் பாகுக்கு 40 லிட்டர் சாறு காய்ச்ச வேண்டும். நம் பனையில் கோடையில் இறங்கும் பதநீரில் சர்க்கரை 10 விழுக்காட்டுக்கு மேல். மேப்பிள் சாறு நீர் ஏறும் கட்டைக் குழாயிலிருந்து வருவது. பதநீர் உணவு ஓடும் குழாயிலிருந்து பாளைக்கு வருவது. பனைக்குக் கதிரும் இல்லை, ஆண்டு வளையமும் இல்லை; தண்டின் உட்சோறு முழுவதுமே அதற்குக் கிடங்கு.

நம் வானிலைக்கு நெருங்கிய உதாரணம் மத்திய அமெரிக்க நாடான பனாமா. அங்கே டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை மழை மிகக் குறைவு. கட்டுமானக் கிரேனை நிறுத்திக் காட்டு மரங்களின் உச்சிவரை போய்ப் பல மாதம் அளந்தார்கள். 2005-இல் முடிவு வெளியானது. வறண்ட மாதங்களில் இருப்பு குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கூடியிருந்தது. மண் காயத் தொடங்கியதும் முதலில் நிற்பது வளர்ச்சி. செல் விரிவதற்கு நீரழுத்தம் வேண்டும். இலை சர்க்கரை செய்வதோ இன்னும் பல வாரம் தொடர்கிறது. வானம் தெளிவாக இருப்பதால் வெளிச்சமும் அதிகம். வரவு இருக்கிறது, செலவு நின்றுவிட்டது, மாவு ஏறுகிறது. அந்தக் காட்டின் மொத்த இருப்பு, இலை முழுவதையும் 1.7 தடவை புதிதாக உண்டாக்கப் போதுமானதாக இருந்தது.

இதே கணக்கை நம் ஊருக்குப் போட்டுப் பாருங்கள். நமக்கு ஆடி, ஆவணி, புரட்டாசியில் தென்மேற்குப் பருவத்தின் மாலை இடிமழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. இந்த மாதங்களில் மரம் கிளையும் இலையுமாக வளர்கிறது. மார்கழி, தையில் மழை நின்றிருக்கும், ஆனால் மண்ணில் ஈரம் உண்டு. வெயில் கடுமை இல்லை, இரவு குளிர்ச்சி, இலை முதிர்ந்து முழுப் பச்சை. குதிர் நிறையும் மாதங்கள் இவை. மாசியில் புங்கனும் வேம்பும் அரசும் இலையைக் கொட்டுகின்றன. வாகை வெறும் காய்களைச் சலசலத்துக்கொண்டு நிற்கிறது. பங்குனியில், ஒரு சொட்டு மழை இல்லாமல், பாலாறு வெறும் மணலாகக் கிடக்கும்போது, புங்கன் பளபளவென்று துளிர்விடுகிறது. வேம்பு துளிர்த்துச் சித்திரைப் பிறப்புக்குப் பச்சடிக்குப் பூவும் தருகிறது. ஜவ்வாது மலைச் சரிவில் புரசு இலையே இல்லாமல் பூக்கிறது. இந்த இலைக்கும் பூவுக்கும் வேண்டிய சரக்கு முழுவதும் கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் எடுத்தது. தளிர் பாதி அளவு விரியும்வரை வாங்கித் தின்னுமே தவிரத் திருப்பித் தராது. மாவிலைபோலச் செந்தளிராக வந்து மெதுவாகப் பச்சை கட்டுவது இன்னும் தாமதிக்கும். ஆகவே புது இலை விரிந்து முடியும் பங்குனிக் கடைசி, சித்திரை முதல் பாதிதான் மரத்தின் இருப்பு ஆண்டிலேயே தாழ்ந்திருக்கும் நேரம்.

அப்போது வந்து வெட்டுகிறோம். கொடுத்த கடன் திரும்பி வரத் தொடங்கும் நாளில் கடன் வாங்கியவனையே அப்புறப்படுத்துகிறோம். மரம் மறுபடி துளிர்க்க வேண்டும். அதற்கு எடுக்க ஏற்கெனவே குறைந்துபோன இருப்புதான் உண்டு. போதாததற்கு, வேலூரில் வெயில் சதமடித்தது என்று உங்கள் நாளிதழ் எழுதும் நாட்கள் அவை. வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் உயிருள்ள கட்டையின் மூச்சுச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரவிலும் புழுங்கும் சித்திரையில் இலையில்லாத தண்டு சும்மா நிற்பதற்கே மாவை எரித்துக்கொண்டிருக்கும். நிழல் போனதால் இளம்பட்டை வெயிலில் வெந்து வெடிப்பதும் உண்டு. மேற்குப் பார்த்த பக்கத்தில் நீளவாக்கில் பட்டை உரிந்து நிற்கும் மரங்களை ஆற்காடு சாலையில் போகிறவர்கள் பார்க்கலாம்.

“வெட்டினால்தான் நன்றாகத் துளிர்க்கும், பாருங்கள்” என்பது வெட்டுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது. துளிர்ப்பது உண்மை. எந்தச் சரக்கில் துளிர்க்கிறது என்பதுதான் கேள்வி. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் ஏறியது. 1963-க்குப் பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறது. அந்த அளவைக் கொண்டு ஒரு சர்க்கரைத் துணுக்கு எந்த ஆண்டுக் காற்றிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியும். அமெரிக்காவில் சிவப்பு மேப்பிள் மரங்களை வெட்டி, அடிக்கட்டையில் எழுந்த துளிரை இப்படி அளந்தார்கள். 17 ஆண்டுக்கு முந்தைய கார்பன்வரை அதில் இருந்தது. மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் 2005-இல் வில்மா சூறாவளி இலையைச் சூறையாடிய பிறகு மரங்கள் விட்ட புது நுண்வேர்களில் 2 முதல் 10 ஆண்டு பழைய கார்பன் இருந்தது. சென்னையில் 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் மூளியாக நின்ற மரங்கள் சில வாரங்களில் பச்சை பிடித்ததும் பழைய சேமிப்பின் தயவால்தான். மொட்டையடித்த மரத்தின் துளிர் ஆரோக்கியத்தின் அடையாளமல்ல, செலவின் அடையாளம். ஒரு முறை தாங்கும். மூன்று கோடை தொடர்ந்து இதையே செய்தால் துளிர் ஆண்டுக்காண்டு மெலியும், நுனி காயும், பிறகு தண்டுதுளைப்பானும் காளானும் வந்து சேரும். அப்போது “பூச்சி விழுந்து செத்தது” என்று எழுதுவோம். வெட்டுக்காயத்தைச் சுற்றிக் கிருமி பரவாமல் வேதிச் சுவர் எழுப்புவதும் இதே பாரன்கைமா செல்கள்தான், இதே மாவைக் கொண்டுதான்.

“ஒடித்து வளர்க்காத முருங்கையும் அடித்து வளர்க்காத பிள்ளையும்” என்ற பழமொழியைச் சிலர் எல்லா மரத்துக்கும் நீட்டிவிடுகிறார்கள். (பிள்ளை விஷயத்திலும் அதைக் கைவிட்டு வெகுநாளாயிற்று.) முருங்கையின் கட்டை மிருது, பெரும்பகுதி உயிருள்ள செல்கள், வேர் கிழங்குபோலத் திரண்டிருக்கும். செடிமுருங்கையை அறுவடைக்குப் பின் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட்டால் நாலைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். ஒதியனும் கல்யாணமுருங்கையும் ஆலும் போத்து நட்டாலே வளரக்கூடியவை. இவற்றைப் பார்த்துப் புளியமரத்துக்கும் வேம்புக்கும் நாவலுக்கும் அதே அளவு வெட்டுவது தவறு.

மரத்தில் இருப்பு உண்டா இல்லையா என்பதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் அயோடின் கரைசல் போதும். தயாரிப்பதானால், 2 கிராம் பொட்டாசியம் அயோடைடை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அதில் 1 கிராம் அயோடினைப் போட்டுக் கலக்கி, பிறகு 300 மி.லி. ஆக்கிக்கொள்ள வேண்டும். அயோடினை நேரே தண்ணீரில் போட்டால் கரையாது. பழுப்பு நிறக் குப்பியில் வைக்க வேண்டும். பென்சில் தடிமனுள்ள, இரண்டு மூன்று வயதான குச்சி ஒன்று. அடிமரத்திலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, அரையடி ஆழத்தில் விரல் தடிமனுள்ள வேர் ஒன்று. இரண்டையும் புதுப் பிளேடால் குறுக்கே ஒரே சீவாகச் சீவி, பாலோ பிசினோ இருந்தால் தண்ணீரில் கழுவி, சீவிய முகத்தில் ஒரு சொட்டு அயோடின் விட்டு, இரண்டு மூன்று நிமிடம் கழித்து அலசிவிட்டுக் கைலென்ஸால் பாருங்கள். நடுவிலிருந்து பட்டைவரை கருநீலக் கோடுகள் நெருக்கமாக ஓடினால் இருப்பு நிறைவு. நடுச்சோற்றைச் சுற்றி மட்டும் ஒரு கருவளையம் என்றால் பாதி. வெறும் மஞ்சள் பழுப்பு என்றால் அந்த மரத்தை இப்போது தொடக்கூடாது.

இந்தச் சோதனை ஏமாற்றும் இடங்களும் உண்டு. கருவேலம் போலத் துவர்ப்பு மிகுந்த கட்டையைச் சாதாரண இரும்புக் கத்தியால் சீவினால், இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து அயோடின் இல்லாமலே கருநீலம் வரும். துருப்பிடிக்காத பிளேடு வேண்டும். சொட்டு விடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். வைரத்தில் விட்டுவிட்டு மாவு இல்லை என்று சொல்லக்கூடாது. அயோடின் மாவைத்தான் காட்டும், சர்க்கரையைக் காட்டாது. கடும் வறட்சியில் மரம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ள மாவைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். அப்போது குச்சியில் வெறுமை தெரிந்தாலும் வேரில் இருக்கலாம். வேரையும் பார்க்கச் சொன்னது அதற்காகத்தான். குச்சியை ஒடித்துப் பையில் போட்டுச் சாயங்காலம் பார்ப்பதும் வேண்டாம். வெட்டிய இடத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

அப்படியானால் எப்போது வெட்டுவது? இலை உதிர்க்கும் மரங்களுக்குத் தைக் கடைசியிலிருந்து மாசி நடுவரை, புதுத் துளிர் எழும்புவதற்கு முன். இருப்பு உச்சத்தில் இருக்கும். இலை எப்படியும் விழப்போகிறது, நட்டம் குறைவு. அந்தத் தவணை தவறினால் ஆவணி, புரட்டாசியில் மழையில்லாத நாளாகப் பார்த்து. கோடை இலை மூன்று நான்கு மாதம் உழைத்து ஓரளவு நிரப்பியிருக்கும், வடகிழக்குப் பருவக் காற்றுக்கு முன் ஆபத்தான கிளையும் போய்விடும். மார்கழியில் வேண்டாம். “குளிர்காலத்தில் மரம் உறங்கும், அப்போது கவாத்து செய்” என்ற அறிவுரை கைபேசிக் காணொளிகளில் நிறைய வருகிறது. அது மேப்பிள் நாட்டுக்குச் சரி. நம் மார்கழியில் மரம் உறங்கவில்லை. முழு இலையோடு சேமித்துக்கொண்டிருக்கிறது. முறிந்து தொங்கும் கிளைக்கும் கம்பியைத் தொட்டுவிட்ட கிளைக்கும் மட்டும் மாதம் பார்க்க வேண்டியதில்லை.

ஒரு தடவைக்கு இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. கனத்த கிளையானால் மூன்று வெட்டு. முதலில் தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்புறமாகக் கால் பங்கு ஆழம். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து முழு வெட்டு. கிளை விழுந்த பிறகு மிச்சமிருக்கும் குட்டைத் துண்டைக் கிளையும் தண்டும் சேரும் இடத்தில் புடைத்திருக்கும் மடிப்புக்குச் சற்று வெளியே. மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் கிளை தன் பாரத்தில் சாய்ந்து தண்டின் பட்டையை முழ நீளம் உரித்துக்கொண்டு வரும். புடைப்பையும் சேர்த்துத் தண்டோடு வழித்துவிட்டால் காயம் மூடாது. அந்தத் துண்டை நீளமாக விட்டால் அது செத்து, அழுகல் தண்டுக்குள் போக வழிகாட்டும். தார் பூசுவது நல்லதில்லை, ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். மாமரத்துக்கும் மற்றப் பழமரங்களுக்கும் காளானைத் தடுக்கும் போர்டோ பசை பூசலாம்: மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர், இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்துப் பிறகு சேர்க்க வேண்டும், இரும்பு வாளியில் அல்ல.

இந்தக் கோடையில் ஏற்கெனவே மொட்டையாகிவிட்ட மரங்களுக்கு யூரியா போட வேண்டாம். தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளவே மரம் சர்க்கரை செலவழிக்க வேண்டும். மேலும் அது துளிரை அவசரமாக எழுப்பும். எழும் புதுத் துளிர்க்கிளைகளைத் தண்டோடு உருவிப் போடுவதும் வேண்டாம். அவைதான் இப்போது வேலை செய்யும் இலைகள். அடுத்த மாசியில் மூன்றில் ஒரு பங்கைக் களைந்து, நல்ல இடத்தில் நிற்பதை வளரவிடலாம். வேர்ப்பரப்பில் நாலு விரல் உயரத்துக்குச் சருகு மூடாக்கு, தண்டைத் தொடாமல். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஆழமாக இறங்கும்படி தண்ணீர். அடிமரம்வரை பதித்திருக்கும் சிமென்ட் கல்லை நாலு பக்கமும் மூன்றடியாவது பெயர்த்துவிடுங்கள். காற்று இல்லாத மண்ணில் வேர் நொதித்தல் முறையில் மூச்சுவிடும்; காற்றோடு ஒரு குளுக்கோஸிலிருந்து 30 ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) கிடைக்கும் இடத்தில் இப்போது 2 தான் கிடைக்கும். அதே உயிர்ப்புக்குப் பல மடங்கு மாவு கரையும். கல் பதித்த மரம் உடனே சாகாமல் மூன்றாம் நான்காம் ஆண்டில் பட்டுப்போவது இதனால்தான். அடியில் பட்டையைச் சுற்றி உரித்துவிட்ட மரம் மாதக்கணக்கில் பச்சையாக நிற்பதும் இந்த வகையே. நீர் மேலே ஏறுகிறது, சர்க்கரை கீழே இறங்கவில்லை. வேர் தன் பழைய இருப்பைத் தின்று தீர்க்கும்வரை மேலே ஒன்றும் தெரியாது.

இதே விதியைத் தலைகீழாகப் பயன்படுத்த வேண்டிய மரம் சீமைக்கருவேலம். பாலாற்றுப் படுகையிலும் ஏரி உள்வாயிலும் அதை வெட்டி வெட்டி அலுத்துவிட்டோம். தை, மாசியில் வெட்டினால் நிறைந்த இருப்போடு ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். கரிக்கு வெட்டுகிறவர்களுக்கு அது லாபம், ஏரிக்கு அல்ல. அழிக்க வேண்டுமானால் அடிமரத்தோடு மண்ணுக்குள் ஓரடிக்குக் கீழே வேர்த்தலைப்பையும் சேர்த்துத் தோண்டி எடுக்க வேண்டும். துளிர்க்கும் மொட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. இயந்திரம் போக முடியாத இடத்தில், வெட்டிய கட்டையில் துளிர் எழுந்து இலை முழுதாக விரியும்வரை, ஏறக்குறைய ஆறு எட்டு வாரம், பொறுத்து அப்போது வெட்ட வேண்டும். அதற்கு முன்னால் வெட்டினால் செலவு முழுதாகியிருக்காது. வெகுநாள் விட்டால் இலை வேரை நிரப்பத் தொடங்கிவிடும். மறுபடியும் அதே இடைவெளியில், துளிர் நிற்கும்வரை. ஒரே ஒரு தடவை வெட்டிவிட்டு விழா முடித்துப் போவதானால் வெட்டாமலே இருக்கலாம்.

குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டுப் பக்கத்து மாந்தோப்புக்காரர்களுக்கும் இதில் வேலை உண்டு. மா ஒரு வருடம் காய்த்து மறுவருடம் ஓய்வதற்கு ஒரு முக்கியக் காரணம், நிறையக் காய்த்த ஆண்டில் கட்டையின் மாவு காய்க்குப் போய், அடுத்த பூவுக்கு வேண்டிய முதிர்ந்த கிளை சேராததுதான். அறுவடை முடிந்ததும் ஆகஸ்ட், செப்டம்பரில் உள்ளே நெருக்கும், நோய்ப்பட்ட, காய்ந்த கிளைகளை எடுத்துவிட்டால் பின்வரும் துளிர் மார்கழிக்குள் முதிர்ந்து சேமிக்க அவகாசம் இருக்கும். நவம்பருக்குப் பிறகு கவாத்து செய்தால் பூவுக்குப் பதில் இலைதான் வரும். ஓய்வு ஆண்டில் பூக்க வைக்கப் பேக்ளோபியூட்ரசால் பரிந்துரை, மரத்துக்கு 10 கிராம் செயல்பொருள், செப்டம்பர் முதல் பாதியில். 23 விழுக்காடு மருந்தானால் ஏறக்குறைய 43 மி.லி. அது வளர்ச்சியை அடக்கி மாவைச் சேர வைக்கும் மருந்து. இல்லாத மாவை உண்டாக்கித் தராது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததுபோல ஓர் ஆண்டு போன பிறகு, மெலிந்த மரத்துக்கு அதை ஊற்றுவது மரத்தைக் கெடுக்கும்.

கடைசியாக, மரக்கன்று நடுகிறவர்களுக்கு. மலேசியாவின் சபா மாநிலத்தில் காட்டு மரக் கன்றுகளைச் சிலவற்றை வெளிச்சத்திலும் சிலவற்றை நிழலிலும் மாற்றி மாற்றி வைத்து, உடலில் மாவும் சர்க்கரையும் கூடியவை, குறைந்தவை என்று இரு வகையாக்கி, தண்ணீரை நிறுத்திப் பார்த்தார்கள். 2014-இல் வெளியான முடிவு: இருப்பு கூடிய கன்றுகள் வறட்சியில் அதிக நாள் உயிரோடு நின்றன. நம் நாற்றங்கால்களில் பச்சை வலைக்கு அடியில், தினமும் தண்ணீரும் வாராவாரம் யூரியாவும் கொடுத்து நாலடி உயரம் நெடுநெடுவென்று வளர்த்த கன்றைத்தான் எல்லோரும் விரும்பி வாங்குகிறார்கள். அதன் வேரைச் சீவி அயோடின் விட்டால் மஞ்சளாகத்தான் இருக்கும். நடுவதற்கு ஐந்தாறு வாரம் முன்பே வலையை விலக்கி, யூரியாவை நிறுத்தி, தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கினால் வளர்ச்சி நின்று வேரில் மாவு சேரும். தண்டு அடி பருக்கும். வனத்துறையினர் நெடுங்காலமாக நடும் தேக்கு நாற்றுக்குச்சியைப் பாருங்கள்: ஓராண்டு நாற்றைப் பிடுங்கி, இலையெல்லாம் நீக்கி, ஓரங்குலத் தண்டும் முக்கால் சாண் ஆணிவேருமாக நறுக்கியது. இலை ஒன்றுகூட இல்லாத அந்தத் துண்டு, வேரில் இருக்கும் மாவை மட்டும் நம்பி முளைக்கிறது. கட்டைவிரல் தடிமனுக்குக் குறைந்த நாற்றில் அது சரியாக வராததும் அந்த மாவு போதாததால்தான்.

ஆகவே கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்காமல் தண்டின் அடியைப் பாருங்கள். இரண்டடிக் கன்றானாலும் அடி சுண்டுவிரல் பருமனில், பட்டை பழுப்பேறி இருக்க வேண்டும். பத்துக் கன்றுக்கு ஒன்றைப் பலிகொடுத்து வேரைச் சீவிப் பார்த்துவிடலாம். நம் பக்கம் நடுவதற்கு ஜூன் முதல் வாரத்தைவிடப் புரட்டாசி நல்லது. அடுத்து வரும் இரண்டு மாத மழையில் வேர் இறங்கி, மார்கழி, தையில் நிரப்பிக்கொண்டு, முதல் பங்குனியைக் கையில் ஏதோ வைத்துக்கொண்டு சந்திக்கும். அந்த முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு குடம் தண்ணீர் விட்டால் போதும்.

இப்படிக்கு,
மர வளர்ப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்